பொறியியல் மாணவர்களுக்குப் பொருள் உருவாக்கம் கற்பிப்பது: கேள்வி பதில்

தயாரிப்பு வடிவமைப்பில் பல வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது பொறியியல் மாணவர்களுக்குப் பொருள் உருவாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர்கள், மாணவர்கள், லேப் பொறுப்பாளர்கள் எனப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், இயந்திரவியல்): சார், அடுத்த செமஸ்டர் இந்தப் பாடம் எனக்கு வந்திருக்கிறது. தியரியை முடித்துவிட்டு புராஜெக்ட்டுக்குப் போவதா, முதல் நாளே புராஜெக்ட்டைக் கொடுத்துவிடுவதா?

பதில்: முதல் வாரம் இரண்டும் வேண்டாம். ஒரு பொருளைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷெரி ஷெப்பர்ட் 1990களின் தொடக்கத்தில் இதையே தனிப் பாடமாக நடத்தினார். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, ஸ்டேப்ளர் போதும். இந்த ஸ்பிரிங் எதற்கு? இங்கே ஏன் உலோகம், அங்கே ஏன் பிளாஸ்டிக்? இந்த இரண்டு தகடும் ஏன் ஒரே தடிமனில் இல்லை? பல ஸ்டேப்ளர்களில் பின் மடங்கும் கீழ்த்தகட்டைத் திருப்ப முடியும். திருப்பி வைத்து அடித்தால் பின்னின் கால்கள் உள்ளே மடங்காமல் வெளியே விரியும். தாள்களைத் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டு, பிறகு பின்னைச் சுலபமாக உருவிவிடலாம். தினமும் கையில் எடுப்பவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் இன்னொருவரின் தேவையை யோசித்து அந்தத் தகட்டை அப்படி வைத்திருக்கிறார் என்பது அங்கே புரியும்.

பிரித்த பிறகு, பாகங்களைக் குறைத்துப் பூட்டுவதைச் சுலபமாக்க பூத்ராய்டு, டியூஹர்ஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுத்த மூன்று கேள்விகளை ஒவ்வொரு பாகத்திடமும் கேட்கச் சொல்லுங்கள். இது பக்கத்துப் பாகத்தை விட்டு நகர வேண்டுமா? வேறு மூலப்பொருளில்தான் இருக்க வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைப் பூட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்குமே 'இல்லை' என்று வந்தால், அதைப் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிட முடியுமா என்று பார்க்கலாம். இரண்டாம் வாரம் புராஜெக்ட்டைத் தொடங்குங்கள். தியரியை அது தேவைப்படும் வாரத்தில் சொல்லிக்கொடுங்கள். டாலரன்ஸ் (பாகத்தின் அளவில் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பது) பாடம், பாகம் பொருந்தாத அன்றைக்கு நடத்தினால் மனதில் நிற்கும்.

கேள்வி (இறுதியாண்டு மாணவி): வணக்கம் சார். பார்வையற்றோருக்கு சென்சார் வைத்த ஸ்மார்ட் கைத்தடி செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கைடு, "புதுமை என்ன?" என்று கேட்கிறார். என்ன சேர்த்தால் புதுமையாக இருக்கும்?

பதில்: எதையும் சேர்க்காதீர்கள் அம்மா, இப்போதைக்கு. நீங்கள் தீர்வை முடிவு செய்துவிட்டு அதற்கு ஒரு தேவையைத் தேடுகிறீர்கள். நல்ல மனதோடு எடுத்த தலைப்புதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண வெள்ளைக்கோல் ஏற்கெனவே அருமையான கருவி. எடை குறைவு. தரையைத் தொட்டதும் அது மண்ணா, சிமென்ட்டா, படியா, பள்ளமா என்று கைக்கும் காதுக்கும் உடனே சொல்லிவிடும். கோலின் அடியில் முன்னோக்கி ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தூரம் சொல்வது) வைத்தால், கோலின் நுனி சொல்லப்போவதையே அதுவும் சொல்லும். பஸ்ஸர் வைத்தால் இன்னும் சிக்கல். வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்பதை அவர்கள் காதால்தான் அறிகிறார்கள், அந்தக் காதை நீங்கள் மறைக்கிறீர்கள். பேட்டரியும் சர்க்யூட் போர்டும் ஏறினால் நாள் முழுக்கக் கோலை வீசும் மணிக்கட்டு வலிக்கும்.

வெள்ளைக்கோலுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கீழே எதுவும் இல்லாமல் மார்பு உயரத்திலோ தலை உயரத்திலோ வரும் தடை. தாழ்ந்த மரக்கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கம். அப்படியானால் தேவையை இப்படி எழுதலாம்: "வெள்ளைக்கோலோடு நடப்பவருக்கு, இடுப்புக்கு மேலே வரும் தடையை, காதை அடைக்காமல், மோதுவதற்கு முன் தெரிவிக்க வேண்டும்." இந்த வாக்கியத்தில் சென்சாரும் இல்லை, கைத்தடியும் இல்லை. அதனால்தான் இது நல்ல வாக்கியம். இடுப்புப் பட்டையில் அதிர்வா, கோலின் கைப்பிடியில் மேல்நோக்கிய சென்சாரா, தொப்பியா என்பதெல்லாம் பிறகு வரும்.

அடுத்து எண்கள். விநாடிக்கு 1 மீட்டர் நடப்பவர் உணர்ந்து நிற்க 2 விநாடி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், குறைந்தது 2 மீட்டர் முன்னாலேயே தெரிய வேண்டும். மலிவான அல்ட்ராசோனிக் சென்சாரின் விவரத்தாளில் 4 மீட்டர் வரை என்று போட்டிருக்கும். ஆனால் மெல்லிய கிளையும் சாய்வான பரப்பும் எதிரொலியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. உங்கள் முதல் சோதனை அதுதான்: சென்சாரை ஒரு குச்சியில் கட்டி, கிளை தெரிகிறதா என்று பாருங்கள். வேறு எதையும் அதற்கு முன் செய்ய வேண்டாம்.

அப்புறம், கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்களே நடந்து பார்ப்பதை ஆய்வு என்று எழுதாதீர்கள். முதல் முறை கண் கட்டியவரின் தடுமாற்றமும், பல வருடமாகக் கோலோடு நடப்பவரின் திறமையும் ஒன்றல்ல. அவர்களிடம் அனுமதி கேட்டு, கூடவே நடந்து, பேசி, பாருங்கள். கைடு கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி (ஆசிரியை, மின்னணுவியல்): பயனர் ஆய்வு என்றாலே மாணவர்கள் ஒரு கூகுள் படிவம் அனுப்பி, "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டு, வட்ட வரைபடம் போட்டுவிடுகிறார்கள். எப்படி மாற்றுவது?

பதில்: முதல் மாதம் படிவத்துக்குத் தடை போடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அது உதவும். "வாங்குவீர்களா?" என்று ஒரு மாணவர் கேட்டால் மனம் நோகக்கூடாது என்றே 'ஆம்' என்பார்கள். "கடைசியாக இதைச் செய்தபோது என்ன நடந்தது? எங்கே நின்றது? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்கப் பழக்குங்கள். முடிந்தால் வேலை நடக்கும் இடத்துக்கே அனுப்புங்கள்.

2007ல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர் குழு ஒன்றுக்கு, குறைமாதக் குழந்தைகளுக்கான மலிவு இன்குபேட்டர் செய்யும் வேலை கொடுக்கப்பட்டது. நேபாளத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனபோது இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் தொலைவில் கிராமங்களில் பிறந்தன, மருத்துவமனைவரை வந்து சேரவே வழியில்லை. அதனால் அவர்கள் செய்தது இன்குபேட்டரே அல்ல. உருகி உறையும்போது சுமார் 37 டிகிரியைத் தக்கவைக்கும் மெழுகுப் பை பொருத்திய, குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் சிறு உறை. எம்ப்ரேஸ் என்ற பெயரில் அது வந்தது. வகுப்பிலேயே உட்கார்ந்து படிவம் அனுப்பியிருந்தால் மலிவான இன்னொரு இன்குபேட்டர்தான் வந்திருக்கும்.

கேள்வி (அதே ஆசிரியை): யோசனைகளைச் சேர்க்கும் கட்டத்தில் சத்தமாகப் பேசும் ஒருவர் சொல்வதே முடிவாகிவிடுகிறதே?

பதில்: பேச விடாமல் எழுத விடுங்கள். 1958ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது நினைத்தது மறந்துபோகும். முதலில் ஆளுக்கொரு தாளில் வரையட்டும், பிறகு சுவரில் ஒட்டிப் பேசட்டும்.

போன வருடத்து புராஜெக்ட்டை "எடுத்துக்காட்டுக்கு" என்று முன்கூட்டியே காட்டாதீர்கள். ஜான்சன், ஸ்மித் இருவரும் 1991ல் வெளியிட்ட ஆய்வில், சிந்தாத கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள், ஸ்ட்ரா கூடாது என்று நிபந்தனை. காட்டிய மாதிரிப் படத்தில் ஸ்ட்ரா இருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் கூடாது என்று சொல்லப்பட்ட அந்த ஸ்ட்ராவையும் சேர்த்து வரைந்தார்கள்.

யோசனையைத் தேர்வு செய்யும்போது ஸ்டூவர்ட் பியூவின் அட்டவணையை (ஒவ்வொரு யோசனையையும் ஒரு அடிப்படை யோசனையோடு ஒப்பிட்டு, மேலென்றால் பிளஸ், கீழென்றால் மைனஸ் போடுவது) பயன்படுத்துகிறீர்கள் என்றால், பிளஸ் மைனஸைக் கூட்டி முதல் மார்க் வாங்கியதை எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒன்றின் மைனஸை இன்னொன்றின் பிளஸ்ஸால் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கத்தான் அந்த அட்டவணை.

கேள்வி (லேப் பொறுப்பாளர்): கடைசி வாரம் எல்லா டீமும் 3டி பிரிண்டர் முன்னால் நிற்கிறார்கள். பாதி பிரிண்ட் வீணாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டுக் கட்டு வையுங்கள். "இந்த மாதிரி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறது?" என்று எழுதித் தந்தால்தான் பிரிண்ட். இந்தப் பாடத்தில் நான் முக்கியமாக நினைப்பது இந்த ஒரு பழக்கத்தைத்தான். "கைக்கு அடக்கமாக இருக்கிறதா?" என்பதுதான் கேள்வி என்றால் தெர்மகோலைச் செதுக்கினால் போதும். "இணைப்புக் கம்பி இடிக்கிறதா?" என்பதற்கு அட்டையும் குண்டூசியும் போதும். "இந்தக் கிளிப் நூறு முறை திறந்தாலும் உடையாதா?" என்பதற்கு பிரிண்ட் செய்த பாகம் சரியான பதிலே தராது. பிரிண்ட் செய்ததில் அடுக்குகளுக்கு இடையேதான் பலவீனம், மோல்டிங்கில் (உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திச் செய்வது) வரும் பாகம் அப்படி உடையாது. எந்தக் கேள்வியும் இல்லாமல், அழகாக இருக்கட்டும் என்று செய்யும் மாதிரிகள் குறைந்தாலே வரிசை குறைந்துவிடும்.

கேள்வி (தொழிற்சாலையிலிருந்து கற்பிக்க வந்தவர்): மாணவர்கள் ஒரே ஒரு மாதிரியை எப்படியோ ஓட வைத்து டெமோ காட்டிவிடுகிறார்கள். உற்பத்தி, டாலரன்ஸ், செலவு எதுவும் மனதில் ஏறுவதில்லை. ஒரு செமஸ்டரில் இதை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: ஒன்றுக்குப் பதில் மூன்று செய்யச் சொல்லுங்கள். முழுப் பொருளாகக்கூட வேண்டாம், அசையும் பாகங்கள் உள்ள ஒரு பகுதி போதும். மூன்றையும் கழற்றி, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டச் சொல்லுங்கள். முதல் மாதிரியை அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்தியவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். அன்றைக்கே கணக்கைப் போடுங்கள். ஐந்து பாகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ±0.1 மி.மீ. வித்தியாசம் வரலாம் என்றால், மோசமான நிலையில் மொத்தம் ±0.5. எல்லாம் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம் என்பதால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் ±0.22. எதை எடுத்துக்கொள்வது? பொருந்தாமல் போனால் ஆளுக்கு ஆபத்து என்றால் முதலாவது. ஒன்றிரண்டை ஒதுக்கிவிடலாம் என்றால் இரண்டாவது. இந்த முடிவை மாணவர் வாயால் சொல்ல வையுங்கள்.

மோல்டிங்குக்கு வடிவம் மாற்றுவதும் ஒரு வார வேலைதான். பக்கச் சுவர்களுக்கு 1 அல்லது 2 டிகிரி சாய்வு இல்லாவிட்டால் பாகம் அச்சை விட்டுச் சுலபமாக வராது. சுவர்த் தடிமன் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். வலுவுக்காக உள்ளே வைக்கும் மெல்லிய விலாப்பட்டைகள் சுவரின் பாதியளவு தடிமனைப் பெரிதாகத் தாண்டினால் வெளிப்பக்கம் குழி விழும். பழைய பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கையில் கொடுத்துத் தேடச் சொன்னால் இவை எல்லாமே கண்ணில் படும்.

செலவுக்கு ஒரு கணக்கு போதும். அச்சு செய்த செலவை 100 பொருளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் நூறில் ஒரு பங்கைச் சுமக்கும். 1,00,000 பொருளுக்குப் பங்கிட்டால் அது ஏறக்குறைய மறைந்துவிடும். "எத்தனை செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்காமல் செய்முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அதோடு விளங்கிவிடும்.

கேள்வி (துறைத் தலைவர்): மார்க் எப்படிப் போடுவது? டெமோ அன்று ஓடாவிட்டால் தோல்வியா? வேலையே செய்யாதவரும் டீமோடு சேர்ந்து பாஸாகிவிடுகிறாரே?

பதில்: மார்க் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உழைப்பு போகும். டெமோவுக்குப் பாதி மார்க் வைத்தால், ஓடுவது நிச்சயமான, சிறிதும் புதிதில்லாத ஒன்றைத்தான் எடுப்பார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவுமில்லை.

நான் நூறில் 15 மட்டும் டெமோவுக்கு வைப்பேன். 30 முடிவுக் குறிப்பேட்டுக்கு: என்ன கேள்வி, என்ன மாதிரி, என்ன தெரிந்தது, அதனால் எதை மாற்றினோம் என்று தேதியோடு எழுதியது. 25 சோதனைகளுக்கு. தோற்ற சோதனைக்கும் முழு மார்க் உண்டு, ஏன் தோற்றது என்று காட்டினால். 20 தனித்தனி வைவாவுக்கு. பொருளின் ஏதாவது ஒரு பாகத்தை எடுத்து, "இது ஏன் இந்த அளவு?" என்று எதிரில் இருக்கும் மாணவரிடம் நீங்கள் கேட்டால், வேலை செய்தவர் யார் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரிப்போர்ட்டை வேறு யாரோ எழுதித் தந்திருந்தாலும் தெரியும். மிச்சம் 10 சக மாணவர்கள் ரகசியமாகத் தருவது. அதை செமஸ்டரின் நடுவிலும் ஒரு முறை வாங்கிவிடுங்கள், திருந்த நேரம் இருக்கும்.

அங்கீகாரக் குழுவுக்கு என்ன காட்டுவது என்ற கவலையும் வேண்டாம். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்காக 1989ல் உருவான வாஷிங்டன் உடன்பாட்டின் பட்டதாரித் தகுதிகளில் வடிவமைப்பும் இருக்கிறது, குழுப்பணியும் இருக்கிறது. அந்தக் குறிப்பேடுகள் இரண்டுக்கும் சான்று.

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவர்): எங்கள் டீமில் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் இரண்டும் உண்டு. கடைசியில் போர்டு பெட்டிக்குள் போகவில்லை. அடுத்த முறை என்ன செய்வது?

பதில்: யோசனையைத் தேர்ந்தெடுத்ததுமே ஒரே ஒரு தாளில் எல்லைகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள் தம்பி. போர்டின் நீளம், அகலம், உயரமான பாகம் எங்கே, திருகுத் துளைகள் எங்கே, கனெக்டர் எந்தப் பக்கம், வயர் வளைய எவ்வளவு இடம், சூடாகும் பாகம் எது. மாற்ற வேண்டுமானால் இருவரும் சேர்ந்து மாற்றுங்கள். போர்டு வரும்வரை அதே அளவில் வெட்டிய அட்டையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

கேள்வி (மாணவர்): கண்காட்சியில் காட்டிய பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: விண்ணப்பித்துவிட்டுக் காட்டுங்கள். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவில் காட்டிவிட்டால் பொதுவாகப் புதுமை போய்விடும். ஆனால் காப்புரிமைத் தேடலை இரண்டாம் வாரமே செய்யுங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாஸ்நெட் இலவசம். உங்கள் பிரச்சினையை மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று படிக்க அதைவிட நல்ல இடம் குறைவு.

கேள்வி (உதவிப் பேராசிரியர்): இவ்வளவையும் 15 வாரத்தில் எப்படி முடிப்பது?

பதில்: எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம். சந்தை ஆய்வு, வணிகத் திட்டம் இரண்டையும் நான் வெட்டிவிடுவேன், அவற்றுக்குத் தனிப் பாடம் தகும். முதல் வாரம் பிரித்துப் பார்ப்பது. அடுத்த மூன்று வாரம் பயனரும் தேவை வாக்கியமும். ஐந்தாம் வாரம் யோசனைகளும் தேர்வும். ஆறிலிருந்து பத்துவரை கேள்விக்கொரு மாதிரி, வாராவாரம் ஒன்றாவது. பதினொன்றிலிருந்து பதிமூன்றுவரை மூன்று பிரதிகள், சோதனை, பயனர் கையில் கொடுத்துப் பார்ப்பது. பதினான்காம் வாரம் ஒவ்வொரு டீமும் தன் வரைபடங்களையும் பாகங்களையும் வேறொரு டீமிடம் கொடுக்கட்டும். வாங்கியவர்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பூட்ட வேண்டும், செய்தவர்கள் பக்கத்தில் நின்று குறிப்பு எடுக்க வேண்டும். எங்கே கை நின்றதோ அந்த வரைபடத்தைத் திருத்த கடைசி வாரத்தை விட்டுவிடுங்கள்.