அலங்காரத்தம்மாளை என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலைப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கேள்வியைவிடக் கோபம் கொஞ்சம் தூக்கல். படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: காவிரிக்கரையில் பவானியம்மாள் நடத்தும் வேதபாடசாலையில் சின்ன வயதிலேயே கொண்டுவந்து விடப்பட்டவன் அப்பு. பவானியம்மாள் வளர்த்த பெண் இந்து. இளம் வயதிலேயே கணவனை இழந்து திரும்பியவள், அப்புவின் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். சென்னையில் இருக்கும் அவன் அம்மா அலங்காரத்தம்மாளுக்குச் சிவசு என்பவரோடு நெடுநாள் தொடர்பு. அப்பா தண்டபாணிக்கு அது தெரியும். தன் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் ஒரு பிள்ளையை வேதம் படிக்க அனுப்பியிருக்கிறாள் அந்த அம்மா. ‘ஐயோ, ரகசியத்தைச் சொல்லிவிட்டீர்களே’ என்று பதற வேண்டாம். ஏன் என்பது இரண்டாவது பதிலில் இருக்கிறது.

பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதலாமா? அருவருப்பில் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். இதை நல்ல நாவல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
– வாசகி, கும்பகோணம்

எந்த இடத்தில் மூடினீர்கள் என்று எழுதவில்லையே! இந்த நாவலைக் கீழே வைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வைக்கிறார்கள். ஒன்று, தன்னை உதறிய அப்புவிடம் இந்து அவன் அம்மாவைப் பற்றிப் போட்டு உடைக்கும் இடம். இன்னொன்று, சென்னை வீட்டுக்குள் சிவசு சர்வ சகஜமாக வந்து போகும் இடம்.

முதல் இடத்தில் வைத்தவர்களுக்கு இந்துவின் மேல் கோபம். அவர்கள் இன்னும் முப்பது பக்கம் பொறுத்தால் போதும், கோபம் இடம் மாறிவிடும். இரண்டாவது இடத்தில் வைத்தவர்களின் சங்கடம் வேறு. அங்கே யாரும் கத்துவதில்லை. கதவைச் சாத்தி அழுவதில்லை. ‘இது தப்பு’ என்று ஆசிரியர் ஓரமாக வந்து நின்று ஒரு வாக்கியமாவது சொல்வாரா என்று பார்த்தால், அதுவும் கிடையாது. வீட்டில் காபி கலக்கிறார்கள், பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். கோபப்படும் வேலையை முழுக்க வாசகர் தலையில் கட்டிவிட்டு எழுத்தாளர் ஒதுங்கிக்கொள்கிறார். உங்களுக்கு வந்த அருவருப்பில் பாதி அம்மா மேல் வந்தது, மீதி இப்படித் தனியாக விட்டதால் வந்தது.

ஒன்று செய்து பாருங்கள். சென்னைப் பகுதியைத் திறந்து தண்டபாணி வரும் பக்கங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஜோசியமும் வேதாந்தமும் தெரிந்த மனிதர். ஊரில் பெரிய மனிதர்கள் அவரிடம் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். தன் வீட்டு விஷயத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை. அது பெருந்தன்மையா, கையாலாகாத்தனமா, இல்லை ஒருவகைத் தண்டனையா? இந்த நாவலின் இருட்டு அலங்காரத்தம்மாளிடம் இருப்பதைவிட இவரிடம்தான் அதிகம் என்பது எங்கள் கட்சி. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மூடுங்கள். பிடிக்காத நாவலை முடித்தே தீர வேண்டும் என்று சட்டமா என்ன!

குடும்ப ரகசியம் என்றால் கடைசியில்தானே அவிழ வேண்டும்? இதில் முன்பகுதியிலேயே தெரிந்துவிடுகிறதே. இது குறையா, உத்தியா?
– வாசகர், திருநெல்வேலி

உத்திதான், மிகப் பழையதும்கூட. பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிசின் ஈடிபஸ், அறியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்தவனின் கதை; அதைப் பார்க்க வந்த ஏதென்ஸ்காரர்களுக்கு அவன் யார், யாரைக் கொன்றான், யாரை மணந்தான் எல்லாமே முன்கூட்டித் தெரியும். தெரியாதவன் மேடையில் இருந்த ஒருவன்தான். அவனுக்கு எப்போது தெரியப்போகிறது என்று காத்திருப்பதில்தான் கூட்டத்துக்கு மூச்சு முட்டியது.

குடும்ப ரகசியத்தில் ‘என்ன நடந்தது’ என்பது ஒரு அடுக்கு மட்டும். அதற்கு மேல் இரண்டு அடுக்குகள் உண்டு. யார் யாருக்குத் தெரியும்? தனக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியுமா? இந்த நாவல் முதல் அடுக்கைச் சீக்கிரமே முடித்துவிட்டு மீதியில் இறங்குகிறது.

ஒரு தாளில் கட்டம் போட்டுப் படித்தால் இது பளிச்சென்று தெரியும். இடது பக்கம் மேலிருந்து கீழாக அப்பு, இந்து, பவானியம்மாள், அலங்காரம், தண்டபாணி, சிவசு. மேலே மூன்று தலைப்பு: ‘தெரியும்’, ‘தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறார்’, ‘வாய்விட்டுச் சொல்கிறார்’. படிக்கப் படிக்கப் பக்க எண்ணைக் கட்டத்தில் குறியுங்கள். முதல் கட்டம் மளமளவென்று நிரம்பும். மூன்றாவது கட்டத்தில் நாவல் முடியும்போதும் வெற்றிடங்கள் இருக்கும். அந்த வெற்றிடங்களில்தான் கதை நடக்கிறது.

ரகசியத்தைக் கடைசி அத்தியாயம்வரை இழுத்தடிக்கும் நாவல்கள் பல சறுக்குவதும் இதனால்தான். டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கடிதம், சாகக் கிடக்கும் பெரியம்மா ஒருத்தியின் வாக்குமூலம், முடிந்தது கதை. தெரிந்த பிறகு அந்த வீட்டில் மறுநாள் காலை யார் எழுந்து வாசல் தெளிப்பது, யார் யார் முகத்தில் விழிப்பது என்று எழுத அவர்களுக்குப் பக்கம் மிச்சமிருப்பதில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் இதை எடுத்தோம். அரை மணி நேரத்தில் ‘இப்படிப்பட்ட பெண்கள்’ என்று ஒருவர் ஆரம்பிக்க, இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். எப்படி நடத்தியிருக்க வேண்டும்?
– வாசகர் வட்ட ஒருங்கிணைப்பாளர், கோவை

இருட்டான நாவலைப் பேச எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். இருபது பேர் கூடினால் அது பட்டிமன்றம் ஆகிவிடும். ஆளாளுக்கு அணி பிரித்துக்கொள்வார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

முதல் கேள்வியை எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அலங்காரம் செய்தது சரியா?’ என்று ஆரம்பித்தால் கூட்டம் நீதிமன்றமாகிவிடும். உங்கள் கூட்டம் உடைந்தது அங்கேதான் என்று நினைக்கிறோம். மாறாக, நாவலிலிருந்து ஒரு பக்கத்தை ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். கடைசியில் அம்மா காசிக்குப் போகும் வழியில் பாடசாலைக்கு வந்து அப்புவைப் பார்க்கும் பகுதி இதற்குத் தோதானது. பிறகு ‘அவள் இங்கே எதைச் சொல்லாமல் விடுகிறாள்?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல எல்லோரும் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும். புரட்டுகிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் சண்டை போடுவதில்லை.

கருத்துச் சொல்கிறவர் பக்க எண்ணையும் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். ‘இப்படிப்பட்ட பெண்கள்’ என்ற வாக்கியத்துக்கு எந்தப் பக்கத்தையும் காட்ட முடியாது. இன்னொன்று: ‘எங்க வீட்டிலயும் ஒருத்தங்க இப்படித்தான்’ என்று யாராவது ஆரம்பித்தால் ஒருங்கிணைப்பாளர் மெதுவாகக் கதைக்கு இழுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அவரே அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று வருந்துவார்.

ஆங்கிலத்தில் படித்தேன். தலைப்பே வேறாக இருக்கிறதே?
– வாசகர், பெங்களூரு

எம். கிருஷ்ணனின் 1972 மொழிபெயர்ப்பைச் சொல்கிறீர்கள். ‘த சின்ஸ் ஆஃப் அப்பூஸ் மதர்’ என்று தலைப்பு, அதாவது அப்புவின் அம்மா செய்த பாவங்கள். தமிழ்த் தலைப்பு வெறுமனே ‘அம்மா வந்தாள்’. பாவம், புண்ணியம் எதுவும் இல்லை, வந்தாள், அவ்வளவுதான். ஏன் வந்தாள், வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு தமிழ் வாசகர் உள்ளே போகிறார். ஆங்கில வாசகர் கையில் தீர்ப்பு நகலோடு நுழைகிறார். பாவம் என்ற பேச்சு கதைக்குள் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது அலங்காரம் தன்னைப் பற்றிச் சுமக்கும் எண்ணம். அட்டையில் ஏறியதும் அது எல்லோருடைய முடிவாகிவிடுகிறது.

என் பாட்டி வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். அவர் இப்போது இல்லை. சித்தப்பா ‘வழக்குப் போடுவேன்’ என்கிறார். போட முடியுமா?
– வாசகி, மதுரை

போட முடியும். ஜெயிப்பாரா என்பது வேறு விஷயம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறு பற்றியது. இறந்தவரைப் பற்றிய பேச்சும் அதில் வரும்: அவர் உயிரோடு இருந்திருந்தால் பெயர் கெட்டிருக்கும், உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமும் இருந்தது என்றால் குற்றம். ‘நடந்ததைத்தானே எழுதினேன்’ என்பது மட்டும் காப்பாற்றாது. உண்மையாக இருப்பதோடு பொதுநலனுக்காகவும் சொன்னதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ‘பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்று முதல் பக்கத்தில் அச்சிடுவது மரியாதைக்கு நல்லது, ஆனால் கவசம் ஆகாது. படிக்கிறவர் ‘அட, இது இன்னார்’ என்று அடையாளம் காண முடிகிறதா என்பதுதான் கேள்வி.

பெயரை மட்டும் மாற்றுவது பலரும் செய்யும் தவறு. உறவினர்கள் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. எத்தனை பிள்ளைகள், யார் மூத்தவர், தாத்தாவுக்கு என்ன வேலை, வீடு எந்தத் தெருவில், யாருக்கு என்ன வியாதி என்பதை வைத்துத்தான் காண்பார்கள். இந்த ஐந்தில் நாலையாவது மாற்றுங்கள். மாற்றும்போது இன்னொரு லாபமும் உண்டு. தாத்தா தாசில்தாராக இல்லாமல் துணிக்கடைக் கணக்குப்பிள்ளையாக ஆனதும் பாட்டி வேறு மாதிரி பேசத் தொடங்குவார், கதை உங்கள் கைக்கு வந்துவிடும். அச்சுக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் முழுப் பிரதியையும் கொடுத்துப் பாருங்கள். ஒரு அத்தியாயத்தை மட்டும் காட்டினால் பயனில்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் விவகாரத்தில் எதிர்த்தவர்கள் எல்லோரும் நாவலைப் படித்தவர்களா?
– வாசகர், ஈரோடு

எல்லோரும் படித்திருந்தார்கள் என்று சொல்ல வழியில்லை. திருச்செங்கோட்டில் சில பக்கங்கள் நகலெடுத்து விநியோகிக்கப்பட்டன. குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதிக்கு ஊரும் உறவும் கொடுக்கும் நெருக்கடியை வருஷத்தின் மற்ற முன்னூறு சொச்ச நாளும் கூடவே இருந்து பார்க்காமல், குழந்தை வேண்டிப் பொன்னா முன்பின் தெரியாத ஆணைத் தேடிப் போகும் திருவிழா இரவை மட்டும் பிய்த்தெடுத்துப் படித்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். பெருமாள்முருகனின் அந்த நாவல் வெளிவந்தது 2010-இல். எதிர்ப்பு கிளம்பியது 2014 டிசம்பரில். நடுவில் நான்கு ஆண்டுகள் அது அமைதியாக வாசிக்கப்பட்டதை மறந்துவிடுகிறோம். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தைத் தூக்கி எறியலாம், படிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்று சொல்லி, ஆசிரியர் எழுதட்டும் என்று முடித்தது.

அதே நாவலுக்கு வேறு விதமான வாசக எதிர்வினையும் உண்டு: ‘கடைசியில் காளி என்ன ஆனான்?’ என்ற கேள்வி. அதற்கு விடையாக இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. ‘ஆலவாயன்’ நாவலில் காளி உயிரோடு இல்லை, ‘அர்த்தநாரி’யில் இருக்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரே முடிச்சு ஒரு பக்கம் பொன்னாவின் கதையாகவும், மறுபக்கம் இருவருக்கும் இடையிலான மௌனத்தின் கதையாகவும் பிரிவது தெரியும்.

பதினைந்து வயது மகள் ‘அம்மா வந்தாள்’ படிக்கக் கேட்கிறாள். கொடுக்கலாமா?
– தாய், திருச்சி

கொடுங்கள். நீங்களும் அதே வாரத்தில் படியுங்கள். அவள் எதுவும் கேட்காவிட்டால் நீங்களாகக் கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள்.

முன்னுரையை முதலில் படிப்பதா, கடைசியிலா?
– வாசகர், புதுச்சேரி

கடைசியில். பழைய நாவல்களின் புதுப் பதிப்புகளில் முன்னுரை எழுதுகிறவர்கள், வாசகர்களுக்கு ஏற்கெனவே கதை தெரியும் என்ற நினைப்பில்தான் எழுதுகிறார்கள். பின்னட்டையையும் சேர்த்து மூடியே வையுங்கள்.