நேத்து யாருக்கு சோறு போட்ட?

கேள்வி: சத்தீஸ்கர் மாநிலத்து பஸ்தார்ல ஊர் ஜனங்க சப்போர்ட் இல்லாம மாவோயிஸ்ட்டுங்க இத்தனை வருஷம் காட்டுக்குள்ள இருந்திருக்க முடியுமா சார்? அப்போ ஜனங்க மேலயும் தப்பு இருக்குல்ல? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ராத்திரி பத்து பேர் துப்பாக்கியோட வாசல்ல நின்னு சோறு ஆக்குன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? நானா இருந்தா குழம்பும் சேர்த்து வச்சுருவேன். விடிஞ்சா போலீஸ் வந்து நேத்து யாருக்கு சோறு போட்டன்னு கேட்கும், வாயத் தொறந்தா அடுத்த வாரம் 'முக்பிர்', அதாவது ஆள்காட்டின்னு மாவோயிஸ்ட்டுங்க ஜன் அதாலத்ல நிறுத்துவாங்க, பேருதான் மக்கள் நீதிமன்றம், வக்கீலும் கிடையாது அப்பீலும் கிடையாது. அங்க ஜனங்க 'மாவோயிஸ்ட்'னு கூட வாய்விட்டு சொல்றதில்ல, 'அந்தர்வாலே'ன்னுதான் சொல்வாங்க, உள்ள இருக்கறவங்கன்னு அர்த்தம்.

ஆதரவே இல்லைன்னும் சொல்லமாட்டேன். 1980கள்ல வந்தப்போ ஃபாரஸ்ட்காரங்க அடாவடிய தட்டிக்கேட்டு, பீடி இலைக் கட்டுக்கு கூலி ஏத்தி வாங்கிக் கொடுத்தது இவங்கதான். அப்புறம் அதே பீடி இலை கான்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணதும் இவங்கதான். படைங்க வந்து தங்குதுன்னு சொல்லி ஸ்கூல் கட்டடத்தயே குண்டு வச்சு தகர்த்தாங்க, புள்ளைங்க ஊர விட்டு ரோட்டோரமா மூங்கில்ல கட்டின 'போர்ட்டா கேபின்' ஹாஸ்டல்ல போய் படிச்சுதுங்க.

நிலைமை சுத்தமா கெட்டது 2005ல, சல்வா ஜுடும் வந்தப்போ. நக்சல, அதாவது மாவோயிஸ்ட்டுங்கள, எதிர்க்க அரசாங்க ஆதரவோட கிளம்பின கும்பல். ஊர காலி பண்ணிட்டு கேம்புக்கு வான்னாங்க, வரலைன்னா நீ நக்சல், வீட்டுக்கு தீ. வந்தா அந்தப் பக்கம் துரோகி. 2006 ஜூலைல எர்ராபோர்ல இருந்த ஜுடும் கேம்புல ராத்திரி மாவோயிஸ்ட்டுங்க புகுந்து 30 பேர் வரைக்கும் கொன்னாங்க, அவங்களும் ஆதிவாசிங்கதான். அதிகம் படிக்காத ஆதிவாசிப் பசங்களுக்கு அரசாங்கம் மாசம் 3,000 ரூபாயும் துப்பாக்கியும் குடுத்து எஸ்.பி.ஓ., அதாவது ஸ்பெஷல் போலீஸ் ஆபீசர் ஆக்கினது சட்டவிரோதம்னு சுப்ரீம் கோர்ட் சொல்றதுக்கு 2011 ஜூலை ஆயிடுச்சு. அடுத்த வருஷமே சார்கேகுடா கிராமத்துல விதைத் திருவிழா பத்திப் பேச ராத்திரி கூடின ஜனங்க மேல படைங்க சுட்டதுல 17 பேர் செத்தாங்க. அவங்க மாவோயிஸ்ட்டுங்கன்னு ஆதாரமே இல்லைன்னு விசாரணைக் கமிஷன் ரிப்போர்ட் வெளிய வந்தது 2019ல. ஏழு வருஷம் சார்.

கேள்வி: நம்ம ஊர்க்காரர், அங்க கலெக்டரா இருந்தவர மாவோயிஸ்ட்டுங்க கடத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: மறக்குமா. அலெக்ஸ் பால் மேனன், உங்க ஊர்ப்பக்கம்தான். 2012 ஏப்ரல்ல பஸ்தார் பக்கம் சுக்மா மாவட்ட கலெக்டரா கிராமத்துல மக்கள்கிட்ட குறை கேட்டுட்டு இருந்தப்போ தூக்கிட்டுப் போனாங்க, மே 3 விட்டாங்க. அவரோட ஆஸ்துமா மாத்திரைய அந்த ஊர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மனிஷ் குஞ்சம் காட்டுக்குள்ள கொண்டுபோய் குடுத்தது எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. கலெக்டரோட இருந்த ரெண்டு காவலர்கள கடத்தின இடத்துலயே சுட்டுக் கொன்னுட்டாங்க, அந்த ரெண்டு பேர் பேரு நமக்கு யாருக்காவது ஞாபகம் இருக்கா? எனக்கும் இல்ல.

கேள்வி: 2025 மே மாசம் மாவோயிஸ்ட் தலைவர் பசவராஜுவையே சுட்டாச்சு, ஏகப்பட்ட பேர் சரண்டர். இனிமே ஜனங்களுக்கு நிம்மதிதானே? (வாசகர், ஓசூர்)

பதில்: ராத்திரி சோறு கேட்டு யாரும் வரமாட்டாங்கன்னா அதுவே பெருசு. ஆனா இலுப்பைப் பூ பொறுக்கப் போற பாதைல புதைச்ச பிரஷர் பாம் சரண்டர் ஆகாதே, அது மிதிக்கறது போலீஸா கிழவியான்னும் பார்க்காது. ஜுடும் காலத்துல தப்பிச்சு தெலங்கானால கம்மம் பக்கம் ஓடின குடும்பங்க ஆயிரக்கணக்குல இன்னும் அங்கயே இருக்கு, மிளகாப்பழம் பறிக்கற கூலி வேல. சொந்த ஊர்ல எஸ்.டி., எல்லையத் தாண்டினா 'குத்தி கோயா'ன்னு ஒரு பேரு, எஸ்.டி. சர்ட்டிபிகேட் கிடையாது, நிலத்துக்குப் பட்டா கிடையாது, குடிசை போட்டா அங்கயும் ஃபாரஸ்ட்காரங்க வந்து பிரிக்கறாங்க.