கொடு என்று கேட்டவர்கள்

கேள்வி: மகளுக்குப் போட்டித் தேர்வுப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. ஆப்பிரிக்காவில் கானாவுக்கு ஆங்கிலேயர்கள் 1957-இல் ரத்தம் சிந்தாமலே சுதந்திரம் கொடுத்துவிட்டார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. நிக்ருமா அவ்வளவு கெட்டிக்காரப் பேச்சுவார்த்தைக்காரரா? (வாசகர் ஒருவர், கோவில்பட்டி)

பதில்: கானாவின் விடுதலை இயக்கத் தலைவர் நிக்ருமா இருக்கட்டும், அவரிடம் அப்புறம் வருவோம். 'கொடுத்துவிட்டார்கள்' என்ற சொல்லைத் தாண்ட என்னால் முடியவில்லை.

ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. மூன்றுமே கேட்கிறவர் வாயில் வருபவை. தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', சமமானவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. அதாவது 'கொடு' என்று சொல்கிறவன் கை நீட்டி நிற்பவன் இல்லை, தலை நிமிர்ந்து கேட்பவன். கேட்பவனுக்கு உரிய அந்தக் கம்பீரத்தை நாம் கொடுப்பவனுக்கு மாற்றி எழுதிவிட்டோம். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், 'வழங்கினார்' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய சைக்கிளை 'மாணவிகளுக்கு வழங்கினார்' என்று செய்தி வந்தால் நான் அடித்துவிட்டு 'மாணவிகள் பெற்றுக்கொண்டனர்' என்று திருத்துவேன். அதற்காக என்னைத் திட்டி வந்த கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. இன்றும் அதே திருத்தத்தைத்தான் செய்கிறேன். ஒரு தேசத்தின் விடுதலைக்கு அந்தச் சொல் வரும்போது எப்படிச் சும்மா இருப்பது?

சரி, கானாவுக்கு வருவோம். அன்று அதன் பெயர் கோல்டு கோஸ்ட். இரண்டாம் உலகப் போருக்கு அங்கிருந்து சுமார் 65 ஆயிரம் பேரைப் படையில் சேர்த்தார்கள். அவர்களில் பலர் நமக்குப் பக்கத்தில், பர்மாவில் சண்டை போட்டவர்கள். கலடான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வண்டி போக வழியில்லை. விமானத்திலிருந்து இறக்கிய தோட்டாப் பெட்டிகளையும் அரிசியையும் தலைச்சுமையாகவே காட்டுக்குள் கொண்டுபோனார்கள். போர் முடிந்து ஊர் திரும்பினால் வேலையும் இல்லை, நம்பியிருந்த உதவித்தொகையும் சரியாக வரவில்லை.

1948 பிப்ரவரி 28. தலைநகர் அக்ராவில் அந்த முன்னாள் படைவீரர்கள் ஆளுநரிடம் ஒரு மனு கொடுக்கப் புறப்பட்டார்கள். ஆயுதம் கிடையாது. ஆளுநர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டைக்குப் போகும் சாலைச் சந்திப்பில் போலீஸ் மறித்தது. அதிகாரி இம்ரே சுடச் சொன்னார். காவலர்கள் சுடவில்லை. ஒருவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி அவரே சுட்டார். சார்ஜென்ட் அஜெட்டி, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஒடார்ட்டி லாம்ப்ட்டி, மூன்று பேரும் செத்து விழுந்தார்கள். தொல்காப்பியத்தின் கணக்கில் மனு என்பது 'ஈ'. அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது குண்டு. அதைத் தொடர்ந்த கலவரத்தில் கிட்டத்தட்ட 30 பேர் இறந்தார்கள். 'ரத்தம் சிந்தாமலே' என்று அச்சடித்தவர் இந்த மூன்று பெயர்களையும் ஒருமுறையாவது வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும்.

அதே நாளில்தான் இன்னொரு போராட்டமும் முடிந்திருந்தது. அக்ரா பகுதியில் வாழும் 'கா' என்ற இனத்தின் தலைவர்களில் ஒருவரான நீ குவாபெனா பொன்னே, அந்நியக் கடைகளில் யாரும் எதுவும் வாங்கக்கூடாது என்று ஜனவரியில் ஆரம்பித்து வைத்த புறக்கணிப்பு அது. ஒரு மாதம் துணியும் டின் மீனும் வாங்காமல் ஜனங்கள் இருந்தார்கள். விலையைக் குறைப்பதாகக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. 28-ஆம் தேதி கடைக்குப் போனவர்களுக்கு எதிர்பார்த்த அளவு விலை குறையவில்லை. அந்த நேரத்தில்தான் சூட்டுச் செய்தி வந்தது. கடைகள் எரிந்தன.

கோகோவைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ இருக்கிறது, முடிந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதைக்குள் வரிசையாகக் கொட்டைகள். சதையை வாயில் போட்டால் புளிப்பும் இனிப்பும். சாக்லேட் வாசனை அப்போது துளியும் இருக்காது. கொட்டையை மூடிவைத்துப் புளிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, வறுத்த பிறகுதான் அந்த மணம் வரும். அன்று உலகத்திலேயே அதிகமாகக் கோகோ விளைவித்த நாடு கோல்டு கோஸ்ட். அந்த மரங்களுக்கு மாவுப்பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் நோய் வந்தது. தண்டு வீங்கி, இரண்டு மூன்று வருடத்தில் மரம் பட்டுப்போகும். மருந்து கிடையாது, வெட்டித்தான் ஆகவேண்டும் என்றது அரசாங்கம். விஞ்ஞானப்படி அது சரிதான். ஆனால் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிற மரத்தை, நட்டவனைக் கேட்காமல், அரசாங்க ஆள் வந்து வெட்டினால் எந்த விவசாயி பொறுப்பான்? தென்னை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், மரம் போவது எப்படிப்பட்ட துக்கம் என்று சொல்வார்கள்.

கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஊர்வலம் போனதற்கு இதெல்லாம்தான் காரணம். அதுவரை அரசியல் பேசியவர்கள் வழக்கறிஞர்கள், வியாபாரிகள். 1947-இல் சால்ட்பாண்டில் அவர்கள் தொடங்கிய 'ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாடு' என்ற அரசியல் அமைப்பு 'கூடிய விரைவில் தன்னாட்சி' என்று கேட்டது. அதற்குச் செயலாளராக வந்த நிக்ருமா 1949 ஜூனில் பிரிந்துபோய் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். அவர் கேட்டது 'இப்போதே தன்னாட்சி'. 'தா'வுக்கும் 'கொடு'வுக்கும் உள்ள தூரம் அது. சந்தையில் மீனும் துணியும் விற்ற பெண்கள் காசு திரட்டினார்கள். 1950 ஜனவரியில் வேலைநிறுத்தம் நடந்தது. நிக்ருமாவைச் சிறையில் போட்டார்கள்.

1951 பிப்ரவரி தேர்தலில் அவர் ஜேம்ஸ் கோட்டைச் சிறைக்குள் இருந்தபடியே அக்ராவில் நின்றார். பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு. மக்கள் வாக்கில் தேர்வாகும் 38 இடங்களில் 34-ஐ அவர் கட்சி பிடித்தது. ஆளுநர் ஆர்டன்-கிளார்க் அவரை விடுதலை செய்து, மறுநாளே அழைத்து அரசாங்கத்தை நடத்தச் சொன்னார். சிறைக்குப் போய் வந்தவர்கள் 'சிறைப் பட்டதாரி' என்பதன் ஆங்கில முதல் எழுத்துகளைத் (P.G.) தொப்பியில் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகும் 1954, 1956 என்று இரண்டு பொதுத் தேர்தலில் ஜெயித்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்புறம்தான் 1957 மார்ச் 6, விடுதலை நாள்.

'கொடுத்தார்கள்' வேண்டாம் என்றால் 'வாங்கித் தந்தார்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் எனக்கு ஆகாது. 1954-இல் உலகச் சந்தையில் கோகோ விலை ஏறிக் கிடந்தபோது, 60 பவுண்டு சுமைக்கு 72 ஷில்லிங்தான் என்று விவசாயிக்கு விலையைக் கட்டிப்போட்டது நிக்ருமாவின் அரசுதான். குமாசி நகரில் அசாந்தி இன விவசாயிகள் அவருக்கு எதிராகவே இயக்கம் கட்டினார்கள். 1958-இல் அடித்த நாணயத்தில் அவர் தலையைப் பொறித்து, சுற்றிலும் லத்தீனில் 'கானா நாட்டை நிறுவியவர்' என்று எழுதினார்கள். அதே வருடம் விசாரணையே இல்லாமல் ஐந்து ஆண்டு வரை அடைத்துவைக்கும் சட்டம் வந்தது. 1948 கலவரத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் ஆறு தலைவர்களைக் கைது செய்தார்களே, அவர்களில் நிக்ருமாவும், ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான டான்குவாவும் இருந்தார்கள். அந்த டான்குவா, நிக்ருமா ஆண்டபோது, 1965 பிப்ரவரியில் சிறையிலேயே இறந்தார். நிக்ருமாவை மதிக்கிறேன், ஆப்பிரிக்கா முழுவதும் விடுபட வேண்டும் என்று அந்த மார்ச் 6-லேயே பேசியவர் அவர். ஆனாலும் டான்குவாவின் சாவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், பேச்சுவார்த்தையில் அவர் கெட்டிக்காரர்தான். பேச அழைக்க வேண்டிய நிலைக்கு ஆளுநரைக் கொண்டுவந்தவர்கள் வேறு. அந்தப் புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். பதிப்பாளருக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.