கறுப்பு பளிச்சென்று வருகிறது, சிவப்பு மட்டும் மஞ்சளாக வருகிறது: வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எதைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டில் இருப்பது இங்க் டேங்க் பிரிண்டர், நான்கு டேங்கிலும் மை இருக்கிறது, எழுத்து நன்றாக வருகிறது. ஆனால் பிள்ளையின் ப்ராஜெக்டுக்குப் படம் எடுத்தால் ரோஜா மஞ்சளாகிறது, முகங்களில் பச்சை ஓடுகிறது. ஹெட் க்ளீனிங் (தாளில் மை தெளிக்கும் ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்துகொள்ளும் வசதி) பல தடவை போட்டும் பலனில்லை.

முதலில் ஹெட் க்ளீனிங் போடுவதை நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே பாதி விடை இருக்கிறது. இந்த வகைப் பிரிண்டரில் இருப்பது சயான் (பச்சை கலந்த இளநீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கறுப்பு என நான்கு மைதான். சிவப்புக்குத் தனி மை கிடையாது; மஞ்சளும் மெஜந்தாவும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் சிவப்பு. அது மஞ்சளாக நின்றுவிட்டால் மெஜந்தா இறங்கவில்லை என்று அர்த்தம். ஓர் இலைப் படம் எடுத்துப் பாருங்கள், பச்சை ஏறக்குறைய சரியாகவே வரும், ஏனென்றால் பச்சைக்குச் சயானும் மஞ்சளும் போதும். மஞ்சள் அடைத்திருந்தால் சிவப்பு ரோஸாகும், இலை நீலமாகும். சயான் அடைத்திருந்தால் இலை மஞ்சளாகும், வானம் வெளுத்துவிடும்.

இதை உறுதி செய்ய நாஸில் செக் எடுங்கள்; நாஸில் என்பது ஹெட்டில் மை வெளிவரும் நுண்ணிய துளை. கணினியில் பிரிண்டர் ப்ராபர்ட்டீஸுக்குள் மெயின்டெனன்ஸ் பகுதியில் இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டு போலச் சின்னச் சின்னக் கோடுகள் வரும். மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சிக்காது. கைபேசித் திரையில் முழு நீலப் படம் ஒன்றை வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தைத் தாள் மேல் பிடியுங்கள். மஞ்சள் கோடுகள் கறுத்துத் தெரியும், விட்டுப்போன இடம் தெளிவாகப் புலப்படும்.

அந்தத் தாளை வீசிவிடாதீர்கள். க்ளீனிங்குக்கு முன், பின் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடைவெளி அதே இடத்திலேயே இருந்தால் அங்கே மை காய்ந்து அடைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இடம் மாறினாலோ, ஒரு நிறம் முழுதுமே காணாமல் போனாலோ பெரும்பாலும் குழாயில் காற்று. டேங்கில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தாலும், வீடு மாற்றும்போது பிரிண்டரைச் சாய்த்துத் தூக்கியிருந்தாலும் காற்று புகுந்துவிடும்.

இரண்டுக்கும் பொறுமைதான் மருந்து. க்ளீனிங் என்றால் உள்ளே ஒரு பம்ப் ஹெட்டிலிருந்து மையை உறிஞ்சிக் கழிவு மைப் பஞ்சில் கொட்டுகிறது, அவ்வளவுதான். அடைக்காத மூன்று நிறங்களின் மையும் சேர்ந்தே வீணாகும். அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் பிரிண்டர் வேலை செய்வதையே நிறுத்திவிடும். ஆகவே இரண்டு மூன்று தடவை போட்டும் மாறவில்லை என்றால் பட்டனை அணைத்து 12 மணி நேரம் சும்மா விடுங்கள். காய்ந்த மை ஊறும், குமிழி மேலேறும். பிறகு மறுபடி நாஸில் செக், தேவைப்பட்டால் ஒரு க்ளீனிங். பவர் க்ளீனிங் (மையை இன்னும் அதிகமாக உறிஞ்சும் க்ளீனிங்) வசதி உள்ள மாடல் என்றால் அதைக் கடைசியில் வையுங்கள். எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே காற்றை இழுத்துவிடும்.

பட்டன் என்று சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவரில் உள்ள ஸ்விட்சை அணைப்பதுதான் பழக்கம். பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடி மேல் உட்காரும். பாதியில் மின்சாரம் போனால் அது திறந்தபடியே நின்று மை காய்கிறது. பட்டனை அழுத்தி, விளக்கு அணைந்த பிறகே சுவர் ஸ்விட்ச். கூடவே வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் எடுப்பது என் வழக்கம். மை வீண் என்று தோன்றலாம், ஆனால் ஒரு க்ளீனிங்குக்கு ஆகும் மையைவிட அது மிகக் குறைவு.

இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். விலை குறைந்த எச்பி, கேனன் மாடல்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. கலர் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த, நூல் பிரியாத துணி மேல் ஹெட் பக்கத்தைச் சில நொடி அழுத்துங்கள். மூன்று நிறப் பட்டைகள் பதிய வேண்டும். எது பதியவில்லையோ அதுதான் தீர்ந்தது அல்லது அடைத்தது. செம்புத் தகடுகளைத் தொடாதீர்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும்.

சரி, நாஸில் செக் முழுதாக வந்தும் நிறம் தப்பாக இருந்தால்? அப்போது ஹெட்டைத் தொடவே வேண்டாம், பேப்பர் டைப் செட்டிங்கைப் பாருங்கள். போட்டோ தாளை வைத்துவிட்டு ப்ளெய்ன் பேப்பர் என்று விட்டிருந்தால் மை அளவே மாறிவிடும். தாளைத் தலைகீழாக வைத்தால் மை உறிஞ்சாமல் தேங்கி, தொட்டால் கையோடு வரும். திரையில் ஜொலிக்கும் நீலம் தாளில் கொஞ்சம் ஊதாவாக வருவது கோளாறு அல்ல. திரை ஒளியால் காட்டும் சில நிறங்களை நான்கு மையால் எட்ட முடியாது.

உங்கள் விஷயத்தில், ஓய்வு கொடுத்தும் மெஜந்தா ஒரு கோடுகூட வரவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள். ஹெட் போய்விட்டது என்று எடுத்த எடுப்பில் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். குழாயில் காற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஹெட்டின் விலையைத் தனியாகக் கேளுங்கள், புதுப் பிரிண்டர் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.