"விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று டிக்கெட்டில் போட்டுவிட்டால் பார்க் தப்பிவிடுமா?

கேள்வி: வணக்கம் சார், நாங்கள் ஈரோடு. மே மாத லீவில் கோவைப் பக்கம் ஒரு சின்ன வாட்டர் தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். 9 வயது மகள் சறுக்கில் இறங்கித் தொட்டியில் விழுந்து, எழுந்து நகர்வதற்குள் மேலே இருந்த ஊழியர் அடுத்த ஆளை அனுப்பிவிட்டார். அவர் வந்து மோதியதில் பாப்பாவுக்கு வலது முன்கை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறோம். செலவு 1,40,000 ரூபாய். பார்க்கில் கேட்டால் டிக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள்: "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல, வழக்குகள் கோவை நீதிமன்றத்துக்கு உட்பட்டவை." பாப்பா தொட்டியில் நின்று கண்ணாடியைத் தேடியதுதான் காரணம் என்றும் சொல்கிறார்கள். 15,000 ரூபாய் தருகிறோம், இனி எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? ஐந்து வாரம் ஆகிவிட்டது.

பதில்: வாங்காதீர்கள். குறைந்தபட்சம் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தைக்கு அந்த பிளேட்டைப் பின்னால் எடுக்க வேண்டியிருக்கலாம், அதற்கு இன்னொரு ஆபரேஷன் ஆகும், அந்தச் செலவையும் சேர்த்து 15,000 ரூபாய்க்கு எழுதித் தரச் சொல்கிறார்கள்.

டிக்கெட் வாசகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 1998-இல் பார்க்கிங்குக்கு விட்ட கார் திருடு போனது, "உரிமையாளர் பொறுப்பில் நிறுத்துகிறார்" என்று டோக்கனில் அச்சடித்திருந்ததைக் காட்டி ஓட்டல் தப்பிக்கப் பார்த்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன் ஊழியர்களின் அலட்சியத்துக்கான பொறுப்பை ஒரு வரி அச்சடித்துத் தட்டிக்கழிக்க முடியாது, தேவையான கவனத்தோடு நடந்துகொண்டோம் என்று முதலில் ஓட்டல் நிரூபிக்கட்டும் என்றது. அது கார் வழக்கு, உங்களுடையது குழந்தையின் கை. ஆனாலும் அந்த வாதம் உங்களுக்கு நன்றாகவே உதவும். எதிர்த்தரப்பு வக்கீல் அனேகமாக 1996-இல் வந்த ஒரு கூரியர் வழக்குத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவார், கையெழுத்திட்ட நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று அதில் இருக்கிறது. அங்கே அனுப்பியவர் கையெழுத்துப் போட்டிருந்தார், கேள்வியும் இழப்பீட்டின் உச்சவரம்பு பற்றியது. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, பணம் கட்டிய பிறகு கையில் வந்த சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை யாரும் உங்களிடம் படித்துக் காட்டவும் இல்லை.

கண்ணாடி தேடிய விஷயத்துக்கு வருவோம், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இதுதான். தண்ணீரில் விழுந்த ஒன்பது வயதுக் குழந்தை கண்ணாடியைத் தேடும், மூக்கைத் துடைக்கும், அம்மா எங்கே என்று திரும்பிப் பார்க்கும். அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதான் கீழே ஒரு லைஃப்கார்டும் மேலே ஒரு ஊழியரும் நிற்க வேண்டும், கீழே இருப்பவர் தொட்டி காலி என்று விசிலோ கையோ காட்டிய பிறகே மேலே இருப்பவர் அடுத்தவரை விட வேண்டும். உங்கள் வழக்கின் உயிர் இந்த ஒரு கேள்விதான்: அந்த நிமிஷம் கீழே யார் நின்றார், அவர் சைகை காட்டினாரா? இதற்கான பதில் சிசிடிவியில் இருக்கும். பல இடங்களில் பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதனால் இன்றைக்கே, நோட்டீஸெல்லாம் அப்புறம், அந்தத் தேதியின் சறுக்குப் பகுதிப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அன்றைய பணியாளர் பட்டியல், சறுக்கின் பராமரிப்புப் பதிவேடு, காப்பீட்டு பாலிசி விவரம் மூன்றையும் அதிலேயே கேளுங்கள். கடிதம் கிடைத்த பிறகும் பதிவு இல்லை என்றால், அதை நுகர்வோர் ஆணையத்தில் அவர்களுக்கு எதிராகவே வாதாடலாம்.

உங்களிடம் இருப்பதையும் பத்திரப்படுத்துங்கள். பார்க்கில் கையில் கட்டிவிட்ட நுழைவுப் பட்டை, டிக்கெட் பில், யூபிஐ பதிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் வேண்டும். ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தால் அந்த ஏ.ஆர். நகல் மிக முக்கியம், "வாட்டர் தீம் பார்க்கில்" என்று அதில் இருக்கிறதா பாருங்கள். யாராவது மொபைலில் எடுத்த வீடியோ இருந்தால் அந்த ஃபோனையே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் வந்த நகல் போதாது.

வழக்கு எங்கே? ஈரோட்டிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், டிக்கெட்டில் கோவை என்று போட்டிருந்தாலும் சரி. மைனர் குழந்தைக்காகப் பெற்றோர் புகார் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. குழந்தைக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக இழப்பீடு உண்டு என்று 1998-இல் ஒரு மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், இருவர் பெயரிலும் கேளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: ஆணையத்தின் வரம்பும் கட்டணமும் நீங்கள் கட்டிய டிக்கெட் தொகையைப் பொறுத்தவை, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தவை அல்ல. அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

புகார் எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். அந்த டிக்கெட் வாசகம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அறிவிக்கக் கேட்காதீர்கள், அந்தக் கோரிக்கையை மாநில ஆணையம்தான் விசாரிக்க முடியும், அதைப் பிடித்துக்கொண்டு வழக்கை இழுத்தடிப்பார்கள். சேவைக் குறைபாடு என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு வருடம் காலவரம்பு இருக்கிறது, ஆனால் சாட்சிகளின் நினைவு அத்தனை நாள் தாங்காது.

போலீஸ் புகாரும் கொடுத்து வையுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், அலட்சியத்தால் அது நேர்ந்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு வரும். ஏன் ஐந்து வாரத் தாமதம் என்பதை, ஆபரேஷன், கட்டு, ஆஸ்பத்திரி அலைச்சல் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். போடத் தயங்கினால், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

மேலிருந்து வந்து மோதிய அந்த மனிதர் மேல் கோபப்படாதீர்கள். ஊழியர் போ என்றார், அவர் போனார். அவர் நம்பர் உங்களிடம் இருந்தால் இன்றே கூப்பிட்டுப் பேசுங்கள், மேலே என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.