ஃப்ரீசரில் வைத்ததெல்லாம் எங்கே போகிறது?

கேள்வி: தள்ளுபடியில் மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் அடுக்குகிறேன். கடைசியில் பாதி குப்பைக்குத்தான் போகிறது. எங்கே தப்பு?

பதில்: வாங்குவதில் தப்பில்லை, மறப்பதில்தான். எனக்கும் இதே கதைதான். ஒருநாள் அடித்தட்டைத் துழாவியபோது பனி மூடிய பொட்டலம் ஒன்று கிடைத்தது. இறைச்சியா, சூப்பா என்று வைத்த எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து பேரும் தேதியும் எழுதி ஒட்டாமல் எதுவும் உள்ளே போவதில்லை.

அப்புறம், ஒரே கட்டியாக உறைய வைக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். புத்தகம் மாதிரி வரிசையாக நிறுத்தவும் செய்யலாம். பீன்ஸை நறுக்கி, மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நாளாக ஆக நிறமும் ருசியும் போய்விடும். வெள்ளரிக்காய் வேண்டவே வேண்டாம், உருகினால் சொதசொததான்.

சூப்பை விளிம்பு வரை ஊற்றாதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். என் கண்ணாடி பாட்டில் ஒன்று அப்படித்தான் விரிசல் விட்டது.

குளிர்நிலை மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். உருக்குவதை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்து உருக்குங்கள். உறைபனி கிருமிகளைத் தூங்க வைக்குமே தவிர, எல்லாவற்றையும் கொல்லாது. சரி, அடுத்த முறை கடைக்குக் கிளம்பும் முன் ஃப்ரீசரை ஒருதரம் திறந்து பாருங்கள்.