கல்வி கேள்வி - பதில்: 22 பிள்ளைகளுக்கு இரண்டு டீச்சர் போதுமா?

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 22 பிள்ளைகள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருக்கும் அரசுப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர், ஸ்மார்ட் போர்டு, மைதானம் எல்லாம் இருக்கிறது. இரண்டும் ஒரே அரசு நடத்தும் பள்ளிதானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?
- ஒரு தாய், தர்மபுரி மாவட்டம்

அம்மா, அரசும் ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். ஆனால் அந்த விதி தலையைத்தான் எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூன்று பேர், 120 வரை நான்கு பேர். கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் பள்ளியில் 11 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் வருகிறது, காகிதத்தில் பார்க்கிறவருக்கு இது டவுன் பள்ளியை விட வசதியான பள்ளி! உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும், ஒரு டீச்சர் ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டு மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொருவர் தலைமையாசிரியர். எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளப் பதிவு, சத்துணவுக் கணக்கு, கூட்டம் என்று அவருடைய பாதி நாள் போய்விடும். இதில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி.

நான் ஆறு வருடம் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவன். பிள்ளைகள் குறைவு என்பதால் ஒவ்வொரு பிள்ளையையும் நன்றாகத் தெரியும், அது உண்மை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, இன்றைக்கு நான்காம் வகுப்புப் பக்கம் திரும்பவே இல்லையே என்று மனசு உறுத்தும். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அரசு இதைப் பார்க்காமல் இல்லை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரித்தார்கள். பல வகுப்பை ஒன்றாக வைத்திருக்கும் டீச்சருக்கு அது நல்ல உதவிதான். ஆனாலும் இன்னொரு ஆள் செய்யும் வேலையை ஒரு பயிற்சிப் புத்தகம் செய்துவிடாது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாத மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து உபரி ஆசிரியர்களை ஆள் குறைவான பள்ளிக்கு மாற்றி, அதாவது பணி நிரவல், செய்கிறார்கள் இல்லையா, அந்தக் கணக்கில் தொலைதூரச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியரைத் தனி விதியாகவே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே போய் வேலை பார்க்கிறவருக்கு மாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமையும் வேண்டும். இல்லாவிட்டால் பஸ் வசதி இருக்கும் பள்ளிக்குத்தான் எல்லாரும் விருப்பம் தெரிவிப்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

பணத்திலும் இதே கதைதான். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய் பள்ளி மானியம், ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் ஒரு லட்சம். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் சின்னப் பள்ளிக்கு அதிகம் போல்தான் தெரியும். ஆனால் மோட்டார் ரிப்பேர் ஆனால் மெக்கானிக் 22 பிள்ளைதானே என்று கூலியைக் குறைத்துக்கொள்வாரா? கழிப்பறைக் குழாய் உடைந்தால், ஃபேன் ஓடாமல் போனால், எல்லாச் செலவும் அந்தப் பத்தாயிரத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்றால், ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் வருவது. ஆகவே கூரை ஒழுகினால், சுவர் வெடித்திருந்தால் கல்வி அலுவலரிடம் மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலும் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோர்கள்தான் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் தேவையை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே தீர்மானத்தை அடுத்த கிராம சபையிலும் வையுங்கள்.

நாங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். 'அது அரசு செய்ய வேண்டிய வேலை' என்கிறார் ஒரு நண்பர். யார் சொல்வது சரி?
- வாசகர், கோயம்புத்தூர்

கொடுங்கள், தயங்காமல் கொடுங்கள். இது நம் ஊருக்குப் பழக்கமில்லாத காரியம் அல்ல. காமராஜர் முதல்வராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. மக்கள் பெஞ்சு, மணி, தண்ணீர்ப் பானை, நிலம் என்று கையில் இருப்பதைக் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டத் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டமும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நூறு வருடம் பழமையான டவுன் பள்ளிக்கு டாக்டர், இன்ஜினியர், வெளிநாட்டில் இருப்பவர் என்று முன்னாள் மாணவர்கள் நிறையப் பேர். மலை மேல் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே படித்தவர்களில் பலர் இன்னும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். நன்கொடையை மட்டும் நம்பினால் வசதி இருக்கிற பள்ளிக்கே மேலும் மேலும் சேரும். அதனால் ஒன்று செய்யுங்கள், திரட்டும் பணத்தில் பாதியை உங்கள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அதே ஒன்றியத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சின்னப் பள்ளிக்குக் கொடுங்கள். எந்தப் பள்ளி என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்டால் சொல்வார். அப்புறம், பெயிண்ட் அடித்து வாசலில் பெயர்ப் பலகை வைப்பதற்கு முன்னால் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். பெரிய பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டடமும் ஆசிரியரும் இல்லாதபோது காலை உணவுக்கு இவ்வளவு செலவு தேவையா?
- வாசகர், விழுப்புரம்

தேவைதான். காலையில் அம்மா அப்பா இருவரும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்ட வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு வந்து, பிரார்த்தனை நேரத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கித் தண்ணீர் தெளித்தவன் நான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கிய திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும். வயிறு நிறைந்த பிள்ளைக்கும் வயிறு காய்ந்த பிள்ளைக்கும் இருக்கும் தூரத்தை எந்த ஸ்மார்ட் போர்டாலும் குறைக்க முடியாது. ஆசிரியரையும் கேளுங்கள், கட்டடத்தையும் கேளுங்கள், உப்புமாவில் கை வைக்கச் சொல்லாதீர்கள்.

மத்திய அரசும் மாநில அரசும் கல்வி நிதிக்குச் சண்டை போடுகின்றன. இதில் எங்களுக்கு என்ன?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

நிறைய இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 60 பங்கு மத்திய அரசுடையது, 40 பங்கு மாநிலத்துடையது. பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை, அதில் கையெழுத்துப் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்க வேண்டியிருக்கும் என்பதுதான் மாநிலத்தின் மறுப்புக்குக் காரணம். அதனால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்குரிய 2,152 கோடி ரூபாய் மத்திய அரசிடமிருந்து வராமல் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு அந்தப் பணத்தைக் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பணம் வராததால் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீதச் சேர்க்கையும் அந்த ஆண்டு பள்ளி திறந்தபோது தொடங்கவே இல்லை.

கொள்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம், மொழிக் கொள்கையில் நான் மாநிலத்தின் பக்கம்தான். ஆனால் அதற்காகப் பள்ளிப் பணத்தை நிறுத்துவது தவறு. இந்தப் பணத்தில்தான் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் சம்பளமும் அடங்கியிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு வருடம் டியூஷன் போய்ச் சமாளித்துவிடும். நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்து, வாரம் ஒரு முறை வரும் பயிற்றுநருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன செய்யும்?